மோட்டாருக்கு நகை பூட்டிய கதை

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான வீட்டிலும், புதிதாக மோட்டார் வாங்கிய வீட்டிலும் ஒரே விதமான கூட்டம் கூடுவதை நேயர்கள் கவனித்திருக்கலாம். வருகிறவர்கள் எல்லோரும் யோசனை சொல்லவே வருகிறார்கள். "கழுத்து வெறிச்சென்று இருக்கிறதே, ஒரு காசுமாலை போடக்கூடாதா?" என்று அங்கே கேட்கிறார்கள். "உள்ளே வெறிச்சென்று இருக்கிறதே, நல்லதாக ஓர் உறை போடக்கூடாதா?" என்று இங்கே கேட்கிறார்கள். வெறிச்சென்று இருப்பது ஒரு குறை என்பதில் உலகத்தில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. நமக்கும் வெகு நாள் வரையில் இரண்டாவது அபிப்பிராயம் இருந்ததில்லை. அது உண்டான விதத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

நாம் வசிப்பது அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்தில் எடிசன் என்னும் ஊர். தாமஸ் எடிசன் 1876-ஆம் வருஷத்தில் தம் ஆராய்ச்சிச் சாலையை அமைத்த மென்லோ பார்க் இந்த ஊரைச் சேர்ந்ததுதான். 1954-இல் ஊருக்கே அவருடைய பெயரைச் சூட்டிவிட்டார்கள். இப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு மின்சாரத்தில் ஓடாத வண்டியில் போய்வருவது முறையல்ல என்பது நமது நெடுநாளைய எண்ணம். ஆனால் பெட்ரோலை அறவே துறந்துவிடுவதற்கும் தைரியம் வரவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவர்களுக்காகவே 'ப்ளக்-இன் ஹைப்ரிட்' என்று ஒரு ஜாதி வண்டியைச் செய்திருக்கிறார்கள். அதில் ஒன்றை, 2020-ஆம் வருஷத்து டொயோட்டா ப்ரையஸ் ப்ரைம் என்பதை, ஒருவர் ஓட்டிய பிறகு நாம் வாங்கினோம்.

இந்த வண்டியின் வயிற்றில் 8.8 யூனிட் மின்சாரம் கொள்ளும் பாட்டரி ஒன்று இருக்கிறது. இரவில் வீட்டு மின்சாரத்தில் செருகி வைத்தால் நிரம்பிவிடும். சர்க்கார் கணக்குப்படி 25 மைல் தூரம் அதைக்கொண்டே போகலாம். அதற்கு அப்பால் பெட்ரோல் யந்திரம் உதவிக்கு வரும். நமது காரியாலயம் ஒன்பது மைலில் இருக்கிறது. ஆகையால் வாரம் முழுவதும் பெட்ரோல் செலவில்லை. இது பெரிய சந்தோஷம். சந்தோஷம் வந்தவுடனே நகை பூட்டும் ஆசையும் வந்துவிட்டது.

நம் இல்லாள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஜாபிதா எழுதினாள். சுவரில் மாட்டும் சார்ஜ் பெட்டி, தரை விரிப்பு, ஆசன உறை, முன் கண்ணாடியில் ஒட்டும் காமிரா, கூரைப் பெட்டி, அடியில் பூட்டும் கவசத் தகடு, உபரிச் சக்கரம் என்று ஏழு உருப்படிகள் ஆயின. கல்யாணச் சீர்கூட இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டிராது.

உபரிச் சக்கரம் முதலிலேயே அடிபட்டுப் போயிற்று. இந்த வண்டியுடன் அதைத் தருவதில்லை. வேறு வண்டிகளில் சக்கரம் படுத்திருக்கும் இடத்தை இதில் பாட்டரி பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓட்டையை அடைக்கும் பசையும் காற்றடிக்கும் சிறு யந்திரமுமே கதி. "பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் ஒன்றைக் கட்டிப் போட்டால் என்ன?" என்று யோசித்தோம். கட்டிப் போட்டபின் சாமானை எங்கே வைப்பது என்று அவள் கேட்டாள். அத்துடன் அது முடிந்தது.

*

சார்ஜ் பெட்டியில்தான் நமது முதற் பாடம் ஆரம்பமாயிற்று.

முழு மின்சார வண்டி வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவர், "வாங்குவதென்றால் 48 ஆம்பியர் பெட்டியாக வாங்குங்கள். அதற்குக் குறைந்தது எதுவும் பெட்டியே அல்ல" என்று சொல்லியிருந்தார். அதைப் பொருத்த வேண்டுமென்று வயது முதிர்ந்த மின்சாரத் தொழிலாளி ஒருவரை அழைத்தோம். அவர் பெட்டியைப் பற்றிப் பேசாமல் வண்டியைப் பற்றிக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"சார்ஜர் சுவரில் இருப்பதாக ஜனங்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது வண்டிக்குள் இருக்கிறது. சுவரில் இருப்பது வெறும் வாயில்காப்போன். 'இந்த வழியில் இவ்வளவு ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம்' என்று வண்டிக்குச் செய்தி சொல்லுவான். மின்சாரம் எங்கேயாவது கசிந்தால் கதவை மூடுவான். எவ்வளவு குடிப்பது என்பதை வண்டிதான் தீர்மானிக்கும். உமது வண்டி 3.3 கிலோவாட்டுக்கு மேல் குடிக்காது" என்றார்.

கணக்கும் போட்டுக் காட்டினார். 240 வோல்ட்டில் 3.3 கிலோவாட் என்றால் சுமார் 14 ஆம்பியர். மணிக்கணக்காக ஓடும் பாரத்தை ஒரு லைனின் சக்தியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது இந்நாட்டு மின்சார விதி. அதன்படி 20 ஆம்பியர் லைனில் 16 ஆம்பியர் பெட்டி ஒன்று வைத்தால் தாராளம். வாய் குறுகிய கூஜாவில் அண்டாவைச் சாய்த்து ஊற்றினாலும் நிரம்புகிற வேகத்தில்தான் நிரம்பும் அல்லவா? அந்தப் பெட்டியால் இரண்டேகால் மணிக்குள் பாட்டரி நிரம்பும். எதுவும் வாங்காமல் வீட்டுச் சாதாரண 120 வோல்ட்டில் செருகினால் ஐந்தரை மணி ஆகும்.

"இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டார்.

"ஏழு மணி."

"அப்படியானால் உமக்குப் பெட்டியே வேண்டாம்" என்றார்.

தம் வியாபாரத்தைத் தாமே கெடுத்துக்கொள்ளும் மனிதரைக் கண்டு நாம் திகைத்து நின்றோம். அவர் அதற்குள் வண்டிக் கொட்டகைக்குப் போய், நாம் தினமும் இரவில் செருகும் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். அவருடைய சிரிப்பு மறைந்தது. சுவரில் இருந்த பொருத்துவாயின் முகத்தில் ஒரு பக்கம் பழுப்பாகக் கருகியிருந்தது. உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்து, பிளக்கின் கால் அதில் லொடலொடவென்று ஆடியது.

"இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் கால் மணியில் எடுத்துவிடுவீர்கள். இதுவோ 12 ஆம்பியரை ஐந்து மணி நேரம் ஓயாமல் இழுக்கிறது. பிடி தளர்ந்த இடத்தில் சூடு உண்டாகிறது. சூட்டினால் பிடி இன்னும் தளர்கிறது. மேலே யார் படுக்கிறார்கள்?" என்று கேட்டார்.

மேலே படுப்பவன் நமது குமாரன். ஒன்பது வயது. நாம் பதில் சொல்லவில்லை. இல்லாள் மெதுவாகச் சொன்னாள்.

அன்றைக்கே அவர் அந்த இடத்திற்கென்று தனியாக ஒரு லைன் இழுத்து, கனமான புதுப் பொருத்துவாய் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். நீட்டுக் கம்பி எதையும் இடையில் சேர்க்கவே கூடாது என்று எச்சரித்தார். செருகிய ஒரு மணி நேரத்திற்குப் பிறகு பிளக்கைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பு இருக்கலாம், கை பொறுக்காத சூடு கூடாது. இன்றும் படுக்கப் போகுமுன் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறோம். ஜாபிதாவில் இல்லாத உருப்படி அது. நாம் செய்த செலவுகளில் அதைவிட உபயோகமானது வேறில்லை.

*

தரை விரிப்பில் நாம் ஜாக்கிரதையாக இருந்தோம். அதற்குக் காரணம் உண்டு. 2009-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கலிபோர்னியாவில் ஸான்டியாகோவுக்கு அருகே ஒரு லெக்ஸஸ் வண்டி கட்டுக்கு அடங்காமல் ஓடி, அதிலிருந்த நால்வரும் மாண்டார்கள். வேறொரு மாதிரி வண்டிக்கு ஏற்பட்ட ரப்பர் விரிப்பை அதில் போட்டிருந்தார்கள் என்றும், அதில் ஆக்ஸிலரேட்டர் மிதி சிக்கிக்கொண்டது என்றும் விசாரணையில் தெரிந்தது. சுமார் 38 லட்சம் வண்டிகளின் சொந்தக்காரர்களை விரிப்பைக் கழற்றிவிடும்படி கம்பெனியார் எச்சரிக்க நேர்ந்தது. ஒரு கஜ ரப்பரில் இவ்வளவு இருக்கிறது. ஆகவே இந்த வண்டிக்கென்றே வெட்டிய விரிப்பாகப் பார்த்து வாங்கினோம். தரையிலுள்ள கொக்கிகளில் அதைப் பூட்டினோம். விரிப்பின்மேல் விரிப்பு போடுவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டோம்.

காமிராவை மாட்டும்போது இவ்வளவு ஜாக்கிரதை நமக்கு இல்லை. வண்டி நிற்கும்போதும் விழித்திருந்து யாராவது இடித்தால் படம் பிடிக்கும் ஜாதி அது. உருகிப் பெட்டியிலிருந்து ஓயாமல் மின்சாரம் வரும் கம்பியில் நாமே அதை இணைத்தோம். ஜனவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, வெளியே பனி, வண்டி அசையவில்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு விளக்கும் எரியவில்லை. பெரிய பாட்டரி இரவு முழுவதும் குடித்து நிரம்பியிருக்கிறது. பெட்ரோலும் நிறைய இருக்கிறது. அப்படியும் வண்டி பிணமாகக் கிடந்தது.

விஷயம் இதுதான். பெரிய பாட்டரியைத் தவிர, சாதாரண மோட்டாரில் இருப்பது போன்ற 12 வோல்ட் பாட்டரி ஒன்றும் இதில் உண்டு. வண்டியின் கணக்கு யந்திரங்களை எழுப்புவதும், பெரிய பாட்டரியின் வாசலைத் திறப்பதும் அதன் வேலை. குதிர் நிறைய நெல் இருந்தாலும் சாவி வைத்திருக்கும் காரியஸ்தன் மயங்கி விழுந்துவிட்டால் வீட்டில் உலை ஏறாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வண்டி நிற்க, நமது காமிரா கண் கொட்டாமல் விழித்திருந்து காரியஸ்தனுடைய ரத்தத்தை உறிஞ்சிவிட்டது. வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தானே துண்டித்துக்கொள்ளும் சிறு கருவி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதை முன்பே சேர்த்திருக்க வேண்டும். பிறகு சேர்த்தோம்.

சொந்தக் கையால் கம்பி இணைக்க ஆசையுள்ள நேயர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தகைய வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் ஓடுகின்றன. அவற்றில் இருப்பது 12 வோல்ட் அல்ல. சுமார் 350 வோல்ட். ஆரஞ்சு நிறத்தைக் கண்டால் கையை எடுத்துவிடுவதே விவேகம்.

கவசத் தகடு விஷயத்தில் நமக்குச் சந்தேகம் இல்லை. புகைக்குழாயில் நச்சுப் புகையைச் சுத்தி செய்யும் உறுப்பு ஒன்று இருக்கிறது. அதனுள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் உலோகங்கள் உண்டு. 2021-ஆம் வருஷத்தில் ரோடியத்தின் விலை தங்கத்தின் விலையைப்போல் பத்து மடங்கையும் தாண்டிற்று. ப்ரையஸ் வண்டி என்றால் திருடர்களுக்குத் தனிப் பிரீதி. ரம்பத்துடன் வந்து அடியில் படுத்தால் சில நிமிஷங்களில் அறுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நம் தெருவிலேயே இருவருக்கு இது நடந்தது. ஆகவே இந்த மாதிரிக்கென்று அளவெடுத்துச் செய்த தகடு ஒன்றைப் பட்டறையில் பூட்டிக்கொண்டோம். அதிலும் காற்றுப் போகத் துவாரங்கள் விட்டிருக்கிறார்கள். அந்த உறுப்பு கொதிக்கும் உறுப்பு, மூடி வைத்தால் ஆகாது என்று பட்டறைக்காரர் விளக்கினார். அப்போது அந்தத் துவாரங்களைப் பார்த்தோமே தவிர, அவை சொன்ன பாடம் நம் புத்தியில் ஏறவில்லை.

வெளியாருடைய சாமானைப் பூட்டினால் உத்தரவாதம் அடியோடு போய்விடும் என்று சிலர் பயமுறுத்தினார்கள். இந்நாட்டில் 1975-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று அந்தப் பயத்துக்கு இடம் வைக்கவில்லை. வெளிச் சாமான் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கம்பெனி கையை விரிக்க முடியாது. ஆனால் அந்தச் சாமானாலேயே கெடுதல் உண்டானால் அது நம் தலையில்தான் விடியும். நியாயமான சட்டம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

*

ஜூன் மாதத்தில் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்தாள். ஆசன உறையின் கதை அதற்குப் பிறகுதான்.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. உடம்பு 45 கிலோ இருந்தால் அதிகம். மேல்நாட்டு ஆசனம் அவளுக்கு வழுக்கியது. 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விளம்பரம் செய்திருந்த தடித்த உறைகளை வாங்கி முன் ஆசனங்கள் இரண்டுக்கும் மாட்டினோம். அம்மா உட்காரும் பக்கத்தில் ஒரு திண்டும் வைத்தோம். பார்ப்பதற்கு லட்சணமாகத்தான் இருந்தது.

இல்லாள் வண்டியின் கைப்புத்தகத்தைப் படிக்கும் வழக்கம் உள்ளவள். இரண்டாம் நாள் அவள் உறையைத் தூக்கி ஆசனத்தின் பக்கவாட்டைப் பார்த்தாள்.

"இங்கே ஒரு சிறு துணிச் சீட்டுத் தைத்திருக்கிறதே, நீங்கள் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. விபத்து நேர்ந்தால் விலாவைக் காக்கும் காற்றுப்பை அங்கே மடிந்து கிடக்கிறது என்பதற்கு அடையாளம் அது. மோதல் உண்டானால் அந்தப் பை கண் இமைப்பதற்குள் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். நாமோ அதன் வாசலில் தடித்த திரையைக் கட்டியிருந்தோம். அந்த இடத்தில் எளிதாகப் பிரியும்படி தைத்த உறைகளும் இருக்கின்றனவாம். நாம் வாங்கியது அந்த ரகம் அல்ல.

அது மட்டுமல்ல. முன் ஆசனத்தில் உட்காருபவரின் பாரத்தை வண்டி நிறுத்துப் பார்க்கிறது. குழந்தையென்று தோன்றினால் எதிரிலுள்ள காற்றுப்பையை அடக்கிவிடுகிறது. நடுவில் திண்டை வைத்தால் அந்த நிறுவை பிசகிப்போகலாம். முகப்பில் 'அடங்கியிருக்கிறது' என்ற விளக்கு இரண்டு நாளாக எரிந்துகொண்டிருந்ததை நாம் ஏதோ அலங்கார விளக்கு என்று எண்ணியிருந்தோம். பெற்ற தாய்க்குச் சுகம் செய்வதாக நினைத்து அவளுக்கு இருந்த காவலையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கியிருக்கிறோம்!

உறைகளைக் கழற்றினோம். அம்மாவைப் பின் ஆசனத்துக்கு மாற்றினோம். அங்கே அவள் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமக்காளத்தை நான்காக மடித்து ஆசனத்தின் மேல் விரித்து, ஓரங்களைக் கீழே தொங்கவிட்டாள். சாயம் போகாத பழைய ஜமக்காளம். சிவப்பும் பச்சையுமாக வண்டிக்கே ஒரு களை வந்தது. இதுவல்லவோ நகை என்று மெச்சினோம்.

ஜூலை மாதத்தில் பிட்ஸ்பர்க் வேங்கடேசுவர ஸ்வாமி கோயிலுக்குப் புறப்பட்டோம். பழைய கோயில். அம்மாவுக்கு அதைப் பார்க்க வேண்டுமென்று ஆசை. கூரைப் பெட்டி வாங்குவதா என்று கடைசியாக ஒரு முறை விவாதித்தோம். நெடுஞ்சாலை வேகத்தில் அகன்ற கூரைப் பெட்டி ஒன்று எரிபொருள் சிக்கனத்தில் நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து வரை தின்றுவிடும் என்று அமெரிக்க சர்க்காரே எழுதி வைத்திருக்கிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காக இழைத்து இழைத்துச் செய்த வண்டியின் தலையில் கூடையைக் கவிழ்ப்பானேன்? ஒரு பெட்டியைக் குறைத்துக்கொண்டோம்.

பென்ஸில்வேனியாவின் மலைப் பாதையில், நல்ல உச்சி வெயிலில், முகப்பில் ஒரு வாசகம் தோன்றியது. பாட்டரியைக் குளிர்விக்கும் பாகங்களைக் கவனிக்க வேண்டும் என்றது. வண்டியிலேயே விலை உயர்ந்த உறுப்பு அது. பின்னால் தாயும் பிள்ளையும் உட்கார்ந்திருக்க, முன்னும் பின்னும் லாரிகள் போக, அடுத்த தங்குமிடம் வரும் வரையில் நாம் மூச்சுவிட்டோமா என்பது சந்தேகம்.

நிழலில் நிறுத்திக் கைப்புத்தகத்தைத் திறந்தோம். பெரிய பாட்டரி வேலை செய்யும்போது சூடாகும். அதைத் தணிக்க, நாம் உட்காரும் அறையிலிருந்தே ஒரு விசிறி காற்றை இழுக்கிறது. அதற்கான வாயில், பின் ஆசனத்தை ஒட்டிச் சல்லடைபோல் அமைந்திருக்கிறது. தேடிப் பார்த்தோம். அதன்மேல் பவானி ஜமக்காளம் பரம சௌகரியமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நூல் பிசிறும் பஞ்சும் சேர்ந்து சல்லடையில் ஒரு மெத்தையே படிந்திருந்தது.

ஜமக்காளத்தை எடுத்துவிட்டு, பிசிறை விரலால் சுரண்டி, ஒரு மணி நேரம் வண்டியை ஆறவிட்டோம். பிறகு மெதுவாகப் போய் ஸ்வாமி தரிசனம் செய்துகொண்டு திரும்பினோம். ஊருக்கு வந்தபின் பட்டறையில் சல்லடையை முழுவதும் சுத்தம் செய்தார்கள். கெடுதல் ஒன்றும் நேரவில்லை என்றார்கள். அதே கோலத்தில் கோடை முழுவதும் ஓட்டியிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தங்குமிடத்து மர நிழலில் அம்மா அந்தத் துவாரத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா, இது நம் வீட்டு முற்றம் மாதிரி அல்லவா இருக்கிறது?" என்றாள்.

நமக்குப் புரியவில்லை.

"உன் தாத்தா 1962-இல் முற்றத்தைத் தகரம் போட்டு மூடினாரே, ஞாபகம் இருக்காது; நீ பிறக்கவில்லை. இவ்வளவு இடம் சும்மா வெறிச்சென்று கிடக்கிறதே, ஒரு அறையாவது ஆகட்டும் என்றார். அறை கிடைத்தது. கூடத்தில் காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. சமையற்கட்டுப் புகை போக வழி இல்லை. உன் பாட்டி இருமி இருமி ஓய்ந்தாள். மூன்றாவது வருஷம் அவரே ஏணி போட்டு ஏறித் தகரத்தைப் பிரித்தார். சும்மா கிடந்த இடம் அல்ல அது என்று அப்புறந்தான் தெரிந்தது" என்றாள்.

நம் இல்லாள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மிஞ்சியிருந்த உருப்படிகளை அடித்துவிட்டாள். இப்போது வண்டியில் இருப்பவை தரை விரிப்பு, தானே துண்டித்துக்கொள்ளும் காமிரா, அடியில் ஒரு தகடு, அம்மா உட்காரும் இடத்தில் ஓரம் தொங்காத ஒரு பருத்தித் துண்டு, இவ்வளவே. ஜமக்காளம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. எதையாவது சேர்க்க வேண்டுமென்று ஆசை எழும்போதெல்லாம், அந்த இடத்தை முதலில் வெறுமையாக விட்டவன் எதற்காக விட்டான் என்று கைப்புத்தகத்தில் தேடிப் பார்க்கிறோம். பெரும்பாலும் விடை இருக்கிறது.

போன வாரம் 48 ஆம்பியர் சிநேகிதர் வந்திருந்தார். வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "என்ன, உள்ளே வெறிச்சென்று இருக்கிறதே?" என்றார்.

திண்ணை போன்ற வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மா நமக்கு முன்னால் பதில் சொன்னாள்:

"அது முற்றமப்பா!"